கேட்பதைப் பார்க்க வைக்க ஆசைப்பட்ட வாத்தியார்



டெலிபோனைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பையன்கூட அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று டக்கென்று சொல்லிவிடுவான். கம்யூனிகேஷன் பேப்பர் எழுதிய நாம் 1876 என்று வருஷத்தையும் சேர்த்துச் சொல்வோம். சரி, அந்த மனுஷனின் தொழில் என்ன? இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். அவர் எஞ்சினியர் இல்லை. மின்சாரம் அவர் முறையாகப் படித்த படிப்பும் இல்லை. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாத்தியார் அவர். உலகம் முழுக்கப் பெயர் பரவிய பிறகும் தன் தொழில் அதுதான் என்றே சொல்லிக்கொண்டார்.

இந்த ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது நான் பெல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் டெலிபோன் மட்டும் அல்ல. காதால் கேட்பதைக் கண்ணால் பார்க்கும்படி செய்ய முடியுமா என்று அவர் பல வருஷம் தேடினார். அந்தத் தேடலின் நடுவழியில் கிடைத்ததுதான் டெலிபோன். தேடிய பொருளோ அவர் காலத்தில் முழுசாகக் கைக்கு வரவில்லை. இன்றைக்கு வீடியோவுக்கு அடியில் எழுத்து ஓடுகிறதே, அதுதான் அவர் தேடிய பொருளுக்கு நெருங்கிய சொந்தம். இந்தக் கதையில் பெருமைப்பட வேண்டிய பகுதியும் உண்டு, வருத்தப்பட வேண்டிய பகுதியும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பாவின் எழுத்து, அம்மாவின் காது

பெல் பிறந்தது 1847 மார்ச் 3, ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரத்தில். தாத்தாவும் அப்பாவும் பேச்சுக்கலை ஆசிரியர்கள். அப்பா அலெக்சாண்டர் மெல்வில் பெல் ஒரு புதுவகை எழுத்தையே உருவாக்கியவர். அதற்குக் கண்ணால் காணும் பேச்சு என்று பெயர். ஒரு ஒலியைச் சொல்லும்போது உதடு எப்படி இருக்கிறது, நாக்கு எங்கே தொடுகிறது, தொண்டை என்ன செய்கிறது என்பதை அந்தக் குறியீடு படம்போலக் காட்டிவிடும். எந்த மொழிச் சத்தத்தையும் அதில் எழுதலாம். மகனை வெளியே அனுப்பிவிட்டு, கூட்டத்தில் இருப்பவர்கள் எழுப்பும் விநோதமான சத்தங்களை அப்பா கரும்பலகையில் எழுதுவார். பிறகு பையன் உள்ளே வந்து, எழுதியிருப்பதைப் பார்த்தே அந்தச் சத்தத்தை அப்படியே எழுப்புவான். கூட்டம் வாயைப் பிளக்கும்.

அம்மா எலிசா ஓவியம் வரைவார், பியானோ வாசிப்பார். ஆனால் காது பெரும்பாலும் கேட்காது. மற்றவர்கள் அவருடைய காதுக்குழாயில் கத்திப் பேச, பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்கு அருகே குனிந்து தாழ்ந்த குரலில் பேசுவாராம். குரலின் அதிர்வு எலும்பு வழியாக அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து பேசிக்கொண்டிருந்தால், பெல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொல்கிறார்கள் என்பதை விரல் எழுத்தால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே இருப்பார். நாலு பேர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அம்மாவுக்கும் அந்த நொடியே தெரிய வேண்டும் என்ற அக்கறை அது. யோசித்துப் பாருங்கள், இன்றைய நேரடி ஒளிபரப்புக் கேப்ஷன் செய்கிற வேலையும் இதேதானே?

சின்ன வயசில் பெல்லும் அண்ணனும் சேர்ந்து ரப்பரால் தொண்டை, நாக்கு எல்லாம் செய்து, காற்றை ஊதி, ஒரு பேசும் பொம்மையைக்கூடச் செய்தார்கள். அது அம்மா அம்மா என்று அழுதபோது அக்கம்பக்கத்தார் குழந்தை அழுகிறது என்று நினைத்தார்களாம். நம்ம ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஒரு ப்ராஜெக்ட் செய்தால் எப்படி இருக்கும்!

பாஸ்டன் நகரத்து மாணவர்கள்

அந்தக் குடும்பத்தைக் காசநோய் பாடாய்ப் படுத்தியது. 1867-ல் தம்பி போனார். 1870-ல் அண்ணனும் போனார். மிச்சம் இருக்கும் ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் அதே ஆண்டு கப்பல் ஏறி, கனடாவில் பிராண்ட்ஃபோர்டு என்ற ஊரில் குடியேறினார்கள். 1871-ல் பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போய், அங்கிருந்த காது கேளாதோர் பள்ளியில் அப்பாவின் எழுத்தைக் கற்றுத்தர ஆரம்பித்தார். 1873-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அப்போது வயசு 26.

அவரிடம் படித்தவர்களில் இரண்டு பேரை நாம் மறக்கக்கூடாது. ஒருவன் ஜார்ஜ் சாண்டர்ஸ் என்ற சின்னப் பையன். பிறவியிலேயே காது கேளாதவன். அவனுக்காக பெல் ஒரு கையுறையில் எழுத்துகளை எழுதிக் கொடுத்தார். அதில் எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டினால் சொல் வந்துவிடும். இன்னொருவர் மேபல் ஹப்பார்டு. ஐந்து வயசில் வந்த காய்ச்சலில் கேட்கும் சக்தியை இழந்தவர். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்.

பெல்லின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஜார்ஜின் அப்பாவும் மேபலின் அப்பாவும்தான். அதாவது டெலிபோன் என்ற கருவி, காது கேளாத இரண்டு பிள்ளைகளின் தகப்பன்மார் போட்ட காசில் வளர்ந்தது.

ஒரு காது சொல்லிக்கொடுத்த பாடம்

பெல்லுக்கு வகுப்பில் ஒரு சிக்கல். பிள்ளைகள் வாயைத் திறந்து சத்தம் எழுப்புகிறார்கள். ஆனால் அது சரியா தப்பா என்பது அவர்களுக்கே தெரியாது. அந்தச் சத்தத்தின் வடிவத்தைக் கண்ணில் காட்டிவிட்டால்? வாத்தியாரின் சத்தம் வரைந்த கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் கோடும் அதேபோல வரும்வரை பிள்ளை பழகலாமே!

ஒலி அதிர்வைக் கோடாக வரைகிற ஒரு கருவியைப் பிரான்ஸ் நாட்டில் ஸ்காட் என்பவர் 1857-லேயே செய்திருந்தார். பெல் அதை மேம்படுத்தப் பார்த்தார். காதைப் போலவே செய்ய வேண்டுமானால் காதையே எடுத்துக்கொண்டால் என்ன என்ற யோசனையைக் கொடுத்தவர் பாஸ்டன் காது மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக். இறந்துபோன ஒருவரின் காதை அவரே ஏற்பாடு செய்து கொடுத்தார். 1874 கோடையில் பெல் அந்தக் காதின் சிறு எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டி, புகை பிடித்த கண்ணாடித் தகட்டை அதன் முனையில் படும்படி நகர்த்தினார். காதுக்குள் பேசினால் செவிப்பறை அதிரும், எலும்பு ஆடும், துரும்பு கண்ணாடியில் வளைந்து வளைந்து கோடு போடும். நாம் லேபில் சி.ஆர்.ஓ. திரையில் அலையைப் பார்க்கிறோமே, அதற்கு ஒருவகைப் பாட்டன் இது.

அதைப் பார்க்கும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. காகிதம்போல மெல்லிய செவிப்பறை, தன்னைவிடக் கனமான எலும்பையே ஆட்டுகிறதே! அப்படியானால் கொஞ்சம் பெரிய சவ்வு ஒன்று இரும்புத் துண்டை ஆட்டாதா? காந்தத்தின் முன்னால் அந்த இரும்பு ஆடினால் கம்பிச்சுருளில் மின்னோட்டமும் குரலைப்போலவே ஏறி இறங்காதா? மறுமுனையில் அதே மின்னோட்டம் இன்னொரு சவ்வை ஆட்டினால் குரல் திரும்பக் கிடைக்காதா? டிரான்ஸ்டியூசர் என்று நாம் மனப்பாடம் செய்கிற பாடம் முழுக்க இந்தக் கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

1875 ஜூன் 2-ல் உதவியாளர் தாமஸ் வாட்சன் சிக்கிக்கொண்ட ஒரு எஃகு நாக்கைச் சுண்டிவிட, அடுத்த அறையில் பெல்லின் காதில் அந்த ஒலி விழுந்தது. 1876 மார்ச் 7-ல் காப்புரிமை கிடைத்தது. மார்ச் 10-ல் பக்கத்து அறையில் இருந்த வாட்சனுக்குக் கம்பி வழியாக வார்த்தை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. அமில நீரில் தோய்ந்த ஊசி, ஆழம் மாறமாற மின்தடையும் மாறுவது என்பதுதான் அன்றைய அமைப்பு. எலிஷா கிரே என்பவர் தானும் இதையேதான் செய்தேன் என்றார். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அந்தச் சண்டைக்குள் போனால் மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கம் பத்தாது.

மனைவிக்குப் பயன்படாத கருவி

அந்த ஆண்டு பிலடெல்பியாவில் பெரிய கண்காட்சி. தேர்வு நேரம், மாணவர்களை விட்டு வரமாட்டேன் என்று பெல் முரண்டு பிடித்தாராம். மேபல்தான் அவரை ரயில் நிலையம்வரை கூட்டிக்கொண்டு போனார். வண்டியில் ஏற மறுத்து பெல் வாதம் செய்ய, மேபல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள். உதட்டைப் பார்க்காவிட்டால் வாதம் அவருக்கு எப்படிக் கேட்கும்! பெல் ரயில் ஏறினார். கண்காட்சியில் பிரேசில் பேரரசரே கருவியைக் காதில் வைத்து அசந்துபோனார். அங்கிருந்து புகழ் பரவியது.

1877 ஜூலை 11-ல் பெல்லுக்கும் மேபலுக்கும் திருமணம். டெலிபோன் கம்பெனியில் தனக்கு இருந்த பங்குகளில் 10 மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் மனைவிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

ஆனால் நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனியின் பெரும் பங்கு அந்த அம்மாவின் பெயரில். ஆனால் அந்த அம்மா டெலிபோனில் ஒரு வார்த்தை கேட்க முடியாது. பெல்லின் தாயாருக்கும் அதே நிலைதான். காது கேளாதவர்களுக்காக ஆரம்பித்த ஆராய்ச்சியில் பிறந்த கருவி, காது கேளாதவர்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. ஊர் முழுக்க டெலிபோன் வந்த பிறகு கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எல்லா வேலையும் அதில் நடந்தது. முன்பெல்லாம் எல்லாரையும்போலக் கடிதம் எழுதிக் காரியம் முடித்தவர்கள், இப்போது போன் பேச இன்னொருவரைக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

வாழ்நாள் வேலை

பெல் இதை மறந்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. 1880-ல் பிரெஞ்சு அரசு வோல்டா பரிசாக 50,000 பிராங்க் கொடுத்தது. அதில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். ஒளிக்கற்றை வழியாகக் குரலை அனுப்பும் போட்டோஃபோன் அந்த ஆண்டில்தான் வந்தது. இன்றைய ஃபைபர் ஆப்டிக்ஸ் பாடத்துக்கு அது முன்னோடி. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டரும் செய்தார். எடிசனின் போனோகிராஃபை மெழுகு உருளையால் அவருடைய கூட்டாளிகள் மேம்படுத்தினார்கள். அதில் வந்த தன் பங்குப் பணத்தை வைத்து காது கேளாமை பற்றிய தகவல்களைத் திரட்ட 1887-ல் வோல்டா பீரோவைத் தொடங்கினார்.

1886-ல் அலபாமாவிலிருந்து ஒரு தகப்பன் தன் ஆறு வயசு மகளைக் கூட்டிக்கொண்டு அவரிடம் வந்தார். பார்வையும் இல்லை, கேள்வியும் இல்லை. பெல் காட்டிய வழியில் பாஸ்டனில் உள்ள பெர்கின்ஸ் பள்ளிக்கு எழுதிக் கேட்க, அங்கிருந்து 1887 மார்ச்சில் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை வந்து சேர்ந்தார். அந்தக் குழந்தைதான் ஹெலன் கெல்லர். 1903-ல் வெளிவந்த தன் சுயசரிதையை ஹெலன் பெல்லுக்குத்தான் காணிக்கை ஆக்கினார்.

வருத்தமான பக்கம்

இதோடு நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடியும். ஆனால் அது நியாயம் ஆகாது.

காது கேளாதோர் தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட மொழி சைகை மொழி. அதற்கு இலக்கணம் உண்டு, நகைச்சுவை உண்டு. பெல்லுக்கே அது நன்றாகத் தெரியும். அப்படி இருந்தும் பள்ளிகளில் அது கூடாது, எல்லாப் பிள்ளைகளும் வாயால் பேசவும் உதட்டைப் படிக்கவும்தான் பழக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் கூடிய ஆசிரியர் மாநாடும் இதே திசையில்தான் தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டுப் பிரதிநிதிகள் 160-க்கும் மேல். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர்! 1883-ல் பெல் ஒரு ஆய்வுரை படித்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டால் அப்படி ஒரு தனி இனமே உண்டாகிவிடும் என்று அதில் அச்சம் தெரிவித்தார். திருமணத்தைத் தடுக்கச் சட்டம் போடுவது சரிவராது என்று அவரே ஒதுக்கினாலும், தனிப் பள்ளி, சைகை மொழி, காது கேளாத ஆசிரியர்கள் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும் என்றார். காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்பது அந்த அச்சத்துக்கே நேர் எதிரான உண்மை.

விளைவு என்ன? பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வகுப்பில் கையை அசைத்தால் தண்டனை வாங்கினார்கள். காது கேளாத ஆசிரியர்களின் வேலை போயிற்று. மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆயிற்று. வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அதைச் செய்தது.

இவ்வளவு அன்பான மனுஷன் ஏன் இப்படிச் செய்தார்? நான் புரிந்துகொண்டது இதுதான். அவர் கண் முன்னால் மேபல் இருந்தார். எல்லாரும் மேபல்போல ஆகலாம் என்று நம்பினார். ஆனால் மேபல் ஐந்து வயசுவரை பேச்சைக் கேட்டு வளர்ந்தவர், வசதியான வீட்டுப் பெண். பிறவியிலேயே கேட்காத ஏழைப் பிள்ளைக்கு அது முடியுமா? ஜார்ஜின் கையுறையில் எழுத்து எழுதியபோது வாத்தியார் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போனார். சைகையைத் தடுத்தபோது பிள்ளையைத் தான் இருக்கும் இடத்துக்கு வரச் சொன்னார். ஒரே மனுஷன், இரண்டு வழி. முதல் வழி பலித்தது. இரண்டாவது வழி புண்ணாக்கியது.

1922 ஆகஸ்ட் 2-ல் கனடாவில் உள்ள தன் வீட்டில் பெல் காலமானார். 4-ஆம் தேதி அடக்கம் நடந்தபோது வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் ஓய்ந்தன. கேட்கிறவர்களுக்கு அது ஒரு நிமிடம். மேபலுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் அந்தக் கருவி என்றைக்குமே அப்படித்தான் இருந்தது.

விட்ட வேலையை முடித்தவர்கள்

அதற்குப் பின் நடந்ததையும் சுருக்கமாகச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். ஊமைப்படக் காலத்தில் சினிமாக் கொட்டகையில் எல்லாரும் சமம். வசனம் எழுத்தில்தான் வரும். 1927-ல் பேசும்படம் வந்து எழுத்து போனது. டெலிபோன் செய்த அதே வேலையை சினிமாவும் செய்தது. எமர்சன் ரொமெரோ என்ற காது கேளாத நடிகர் ஊமைப்படங்களில் நடித்தவர். 1947-ல் படச்சுருளை வெட்டி நடுநடுவே வசன எழுத்தைத் தானே ஒட்டிப் பார்த்தார். 1964-ல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர் டெலிபோனைத் திறந்துவிட்டார். வெளியார் கருவியை லைனில் நேரடியாக இணைக்க அன்றைய டெலிபோன் கம்பெனி விடாது. அதனால் ரிசீவரை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களில் வைத்து, எழுத்துகளை 1400, 1800 ஹெர்ட்ஸ் ஓசைகளாக மாற்றி அனுப்பினார். மறுமுனையில் பழைய டெலிபிரிண்டர் அதை எழுத்தாக அடித்தது. கவனியுங்கள், இரண்டு பேருமே காது கேளாதவர்கள்!

டிவியில் 1972-ல் அமெரிக்கச் சமையல் நிகழ்ச்சி ஒன்று கேப்ஷனோடு வந்தது. 1980-ல் மறைவான கேப்ஷன் தொடங்கியது. படம் தெரியாத 21-ஆம் வரியில் ஒரு ஃபிரேமுக்கு 2 எழுத்து வீதம் ஒளித்து அனுப்பும் முறை அது. பார்க்கத் தனி டீகோடர் பெட்டி வாங்க வேண்டும். வாங்கியவர்கள் கொஞ்சம்தான். 1990-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன்படி 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் அந்தச் சில்லு உள்ளேயே இருந்தாக வேண்டும். பிரச்சினை அதோடு பெரிதும் தீர்ந்தது. தனியாக வாங்கிப் பொருத்து என்பதற்கும், உள்ளேயே இருக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 2009-ல் யூடியூப் பேச்சைத் தானாகவே எழுத்தாக்கிக் காட்டத் தொடங்கியது. புகை பிடித்த கண்ணாடியில் துரும்பு வரைந்த கோடு கடைசியில் எழுத்தாகிவிட்டது.

நமக்கு என்ன வேலை?

எங்கள் தெருவில் ஒரு டெய்லர் அண்ணன் இருக்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. கடையில் டிவி ஓடும். காமெடி வந்தால் காஜா எடுக்கிற பையன்முதல் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுத் தாமதமாகச் சிரிப்பார். எதற்குச் சிரித்தோம் என்று அவருக்குத் தெரியாது என்பது எங்களுக்கும் தெரியும். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தட்டிய பையன்தான் எனக்கு அப்போதெல்லாம் ஞாபகம் வருகிறான்.

நம் நாட்டில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வருவது எல்லாருக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. கேப்ஷன், சைகை மொழி, பார்வையற்றோருக்குக் காட்சியைச் சொல்லும் ஒலி விளக்கம் எல்லாம் அதில் உண்டு. சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? செய்கிற கை வேண்டாமா? அந்தக் கை நம்ம கைதான் தோழர்களே. நாளைக்குக் கேபிள் ஆபீஸிலும், ஸ்டூடியோவிலும், செல்போன் கம்பெனியிலும் உட்காரப் போவது டிப்ளமா படித்த நாம்தான்.

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. இந்த ஆண்டு விழா வீடியோவையும் செமினார் வீடியோக்களையும் தமிழ்க் கேப்ஷன் இல்லாமல் வெளியிடக்கூடாது என்று முடிவெடுப்போம். எந்திரம் தானாகப் போடும் எழுத்தை அப்படியே விட்டுவிடாமல் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். பேச்சோடு கைதட்டல், மணியோசை, பாட்டு ஆரம்பிப்பது எல்லாவற்றையும் எழுத வேண்டும். யார் பேசுகிறார் என்று பெயர் போட வேண்டும். உதடு அசையும்போதே எழுத்து வர வேண்டும். வரைபடத்தைக் காட்டி இதோ பாருங்கள் என்று மட்டும் சொல்லாமல், அதில் என்ன இருக்கிறது என்று வாயாலும் சொன்னால் பார்வையற்றவருக்கும் பாடம் போய்ச் சேரும். செய்து முடித்ததும் காது கேளாத ஒருவரையும் பார்வையில்லாத ஒருவரையும் கூப்பிட்டுச் சரியா என்று கேட்க வேண்டும். பெல் செய்யத் தவறியது அந்தக் கடைசி வேலையைத்தான்.

செலவு அதிகம் இல்லை. நாலு பேர், இரண்டு சாயங்காலம், ஒரு கம்ப்யூட்டர். நம்ம துறை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதல் வீடியோவுக்குத் தயாராக இருக்கிறோம். மற்றத் துறைத் தோழர்களும் பெயர் கொடுங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை